காவிரிக் கரையில் ஓர் உலோகக் கை

ஹிஜ்ரீ இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் வாழ்ந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ என்னும் வரலாற்றாசிரியர் ‘கிதாபுல் அஸ்னாம்’ என்றொரு சிறு நூலை யாத்தார். ‘சிலைகளின் நூல்’ என்பது அதன் பொருள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டில் கஅபாவைத் தூய்மைப்படுத்தியபோது அங்கிருந்த 360 சிலைகள் அகற்றப்பட்டன. நக்லாவிலும் தாயிஃபிலும் குதைதிலும் இருந்தவையும் அடுத்தடுத்து வீழ்ந்தன. அவையெல்லாம் மண்ணோடு மண்ணாகி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றபின் ஒரு முஸ்லிம் அறிஞர் அமர்ந்து, எந்தக் குலத்தார் எந்தச் சிலையை வணங்கினர், அது எதனால் செய்யப்பட்டிருந்தது, அதன் பணியாளர் எந்தக் குடும்பத்தார், அதை வீழ்த்தியவர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவு செய்கிறார். ஹதீஸ் கலையினர் இப்னுல் கல்பீயின் அறிவிப்புகளை ஏற்பதில்லை. அது வேறு செய்தி. அறியாமைக் கால அரபியரின் வழிபாட்டை அறிய விழைவோர் இன்றளவும் அவருடைய வாசலில்தான் போய் நிற்கின்றனர்.

அந்நூலில் நம் நெஞ்சை விட்டகலாத ஓரிடம் உண்டு. கஅபாவினுள் இருந்த ஹுபல் என்னும் சிலை செந்நிற அகீக் கல்லால் மனித வடிவில் அமைந்தது. குறைஷியர் கைக்கு அது வந்து சேர்ந்தபோதே அதன் வலக்கை முறிந்திருந்தது. அவர்கள் பொன்னால் ஒரு கை செய்து பொருத்தினார்கள். தனக்கு நேர்ந்த ஊனத்தைத் தானே நீக்கிக்கொள்ள இயலாத ஒன்றின் முன்னே அம்புகளை உருட்டி அவர்கள் குறி கேட்டார்கள். இப்னுல் கல்பீ இதற்கு விளக்கமோ கண்டனமோ நீளமாக எழுதவில்லை. செய்தியை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

இந்நூலை மாணவர்களுக்கு இலக்கிய வரலாற்றுப் பாடத்தின் ஓரத்தில் பெயரளவில் சொல்லிச் செல்வதே நம் வழக்கமாக இருந்தது. சென்ற ஆண்டு ஒரு தகரப் பெட்டி நம்மை அதன் பக்கம் மீண்டும் திருப்பியது.

தஞ்சை மாவட்டத்தில் வாய்க்கால் ஓரமாக அமைந்த ஒரு சிற்றூர். பள்ளிவாசலைப் புதுப்பிப்பதற்காகப் பழைய சாமான் அறையை ஒழித்தபோது, கிழிந்த பாய்களுக்கும் உடைந்த விளக்குகளுக்கும் அடியில் அப்பெட்டி கிடந்தது. உள்ளே பச்சைத் துணியில் சுற்றி வைத்த பித்தளைப் பஞ்சா ஒன்று. மயிலிறகுக் கட்டு ஒன்று. கழியில் செருகுவதற்கான குழல். சில வெள்ளித் துண்டுகள். ஜமாஅத்தின் இளைஞர்கள் தராசில் வைத்து நிறுத்தும் பார்த்துவிட்டார்கள். பின்னர்தான் நம்மை அழைத்தார்கள். அவர்களுடைய கேள்வி நேரானது: “ஹஜ்ரத், இதைப் பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கட்டடத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?”

நாம் விடை சொல்லத் தொடங்குமுன்னே இன்னொரு கோரிக்கையும் வந்து சேர்ந்தது. வாய்க்காலுக்கு அக்கரையிலுள்ள ஊரின் பெரியவர் ஒருவர், எண்பதைத் தொட்டவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களுக்குக் கொடுத்துவிடுங்க, ஹஜ்ரத். நாங்க வச்சுக் கும்பிட்டுக்கிறோம். உருக்கிற வேலை மட்டும் வேண்டாம்” என்றார்.

உருக்குவதா, கொடுப்பதா என்று இரண்டே வழிகள் இருப்பதாக அனைவரும் எண்ணினார்கள். நாமும் அன்று அப்படித்தான் எண்ணினோம்.

பஞ்சா என்பது பாரசீகச் சொல். ‘பஞ்ச்’ என்பது ஐந்து. விரித்த கையின் ஐந்து விரல்களைக் குறித்த அச்சொல், நபிகளார் (ஸல்), அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி), ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) என்னும் ஐவரைச் சுட்டும் சின்னத்துக்கும் பெயராயிற்று. ஹிஜ்ரீ 61இல் கர்பலாவில் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் கொடியை ஏந்தியவர் அவர்களின் தம்பி அப்பாஸ் (ரஹ்). யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து தோல் துருத்தியில் நீர் கொண்டுவர முயன்றபோது அவருடைய கைகள் துண்டிக்கப்பட்டன என்பது வரலாறு. கொடிக் கம்பத்தின் உச்சியில் கையை வைக்கும் வழக்கத்தை அந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவோரும் உளர். ‘அலம்’ எனப்படும் இத்தகைய கொடிச் சின்னங்கள் ஈரானிலிருந்து தக்காணத்துக்கு வந்து, கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி அரசர்கள் காலத்தில் பெருஞ்சிறப்பு எய்தின. ஐதராபாத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஹம்மது குலீ குதுப்ஷா எழுப்பிய பாதுஷாஹி ஆஷூர்கானாவின் வண்ண ஓடுகளில் அலமின் உருவம் இன்றும் ஒளிர்கிறது.

அங்கிருந்து காவிரிக் கரைக்கு அது எப்படி வந்தது? நாகூர், நாகப்பட்டினக் கடற்கரையின் மரக்காயர்கள் ஷாஃபிஈ வழியினர். அவர்களின் கப்பல்கள் அரபுக் கரையோடும் கீழைத் தீவுகளோடும் உறவு கொண்டவை. பஞ்சா அவ்வழியாக வந்ததாகத் தோன்றவில்லை. அது குதிரைப் படைகளோடும் பக்கீர்களோடும் தரைவழியே வந்ததென்பதே நம் கருத்து. தஞ்சையில் 1676இல் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத்தான் இப்பகுதிக்கு வந்தார். அவருடைய படையில் தக்காண முஸ்லிம்கள் இருந்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் படைகளும் வந்தன.

மராட்டிய மன்னர்களைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டும். ஏகோஜியின் பாட்டனார் மாலோஜி நெடுநாள் பிள்ளைப்பேறு இன்றி இருந்ததாகவும், அகமத்நகரில் அடங்கியுள்ள ஷா ஷரீஃப் என்னும் இறைநேசரிடம் நேர்ந்துகொண்டு இரு புதல்வரைப் பெற்றதாகவும், அவ்விருவருக்கும் ஷாஹ்ஜி, ஷரீஃப்ஜி என்று அப்பெரியாரின் பெயரையே இட்டதாகவும் போன்ஸ்லே குல வரலாறு கூறுகிறது. தஞ்சையில் நாம் ‘சரபோஜி’ என்று வழங்கும் பெயர் இந்த ஷரீஃப்ஜிதான். சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்திய மன்னரின் பெயரில் ஒரு முஸ்லிம் ஞானியின் பெயர் ஒளிந்திருப்பதைத் தஞ்சையில் வாழ்வோரே பலர் அறியார். நாகூரின் 131 அடிப் பெரிய மனாராவைக் கட்டுவித்த பிரதாப சிங் (ஆட்சி 1739–1763) இக்குலத்தவரே. தஞ்சை அரண்மனையின் மோடி ஆவணங்களில் ‘அல்லாப் பண்டிகை’ச் செலவுகளைக் காண்கிறோம். அரண்மனை செய்ததை ஊர்கள் பின்பற்றின. முஸ்லிம்கள் இல்லாத ஊர்களிலும் பஞ்சா வேர்விட்டதற்கு இதைவிட எளிய விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

தென்னகத்து முஹர்ரத்தை நுணுக்கமாக எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிமே. ஏலூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீஃப் என்பவர் தக்கனி மொழியில் எழுதியதை, சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கி 1832இல் ‘கானூனே இஸ்லாம்’ என்ற பெயரில் இலண்டனில் வெளியிட்டார். அலம்களை நிறுத்துதல், அவற்றின் முன்னே ‘அலாவா’ என்னும் தீக்குழி வெட்டுதல், இரவுதோறும் நெருப்பைச் சுற்றி ஆடுதல், நேர்ந்துகொண்டோர் பக்கீர் வேடம் பூணுதல், பத்தாம் நாள் நீர்நிலைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகிய எல்லாம் அதில் வரிசையாக உள்ளன. ஆசிரியர் சிலவற்றைக் கடிந்துகொண்டே எழுதுகிறார். ஆயினும் எதையும் விடவில்லை.

நம் சிறுவயதில் கண்டது இதனின்றும் பெரிதும் வேறன்று. பிறை கண்ட மறுநாள் பெட்டி திறக்கப்படும். பஞ்சாவைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிச் சந்தனம் பூசி, பட்டுத்துணி கட்டி, மூங்கில் கழியில் ஏற்றுவார்கள். வெறுங்கையால் யாரும் தொடமாட்டார்கள். துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். பக்கீர் குடும்பத்தவர் ஒருவர் மட்டுமே அதை எடுப்பார். ஒன்பதாம் இரவில் தெருத்தெருவாக வரும்போது, இந்துப் பெண்கள் குடத்து நீரைக் கொண்டுவந்து ஏந்தியவரின் கால்களில் ஊற்றுவார்கள். சர்க்கரையும் பொட்டுக்கடலையும் தட்டில் இருக்கும். பானகம் பெரிய அண்டாவில் இருக்கும். நேர்ச்சைப் பிள்ளைகளின் கழுத்தில் நூல் கட்டுவார்கள். விடியுமுன் தணலில் இறங்குவோர் இறங்குவர்.

கால்களில் நீர் ஊற்றுவதன் பொருளை அப்போது நாம் அறியவில்லை. ஆற்றருகே நின்றும் நீர் மறுக்கப்பட்டு மாண்டவர்களின் நினைவு அது. காவிரி நாட்டு உழவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை அவன் அறிவான். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் வானையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்ப்பவன் அவன்.

இன்னொன்றும் உண்டு. ஊரின் மற்றத் திருவிழாக்களெல்லாம் பயிரோடு பிணைந்தவை. ஆடிப்பெருக்கு புதுப்புனலுக்கு, பொங்கல் அறுவடைக்கு. முஹர்ரமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் குறுவை நடவில் வரும். சில ஆண்டுகளில் சம்பா அறுவடையில் வரும். கோடையில் வறண்ட வாய்க்காலில் பஞ்சாவை நீராட்ட நீர் தேட வேண்டியும் வரும். 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். தன் நெற்பயிர்க் கணக்குக்கு அடங்காத ஒரு விழாவை, நாள் எப்போதென்று முஸ்லிம்களிடம் பிறை கேட்டுத் தெரிந்து, உழவர் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்தது என்பது வியப்புக்குரியது.

பின்னர் நம்மவர் அதைக் கைவிட்டனர். மார்க்கக் கல்வி பரவியது. தணலில் இறங்குவதும், உலோகத்திடம் பிள்ளைவரம் கேட்பதும் இஸ்லாத்தில் இல்லாதவை என்று ஆலிம்கள் எடுத்துரைத்தனர். ஆஷூரா நாளின் சுன்னத்து நோன்பே என்று கற்பித்தனர். நாமும் அதையே கற்பித்தோம், இன்றும் கற்பிக்கிறோம். அதில் மறுபரிசீலனைக்கு இடமில்லை. பஞ்சா பெட்டிக்குள் போயிற்று. பக்கீர் குடும்பம் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போயிற்று. அவர்கள் எங்கு போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

நாம் வைத்துவிட்டதை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தஞ்சைக்கு அருகில் காசவளநாடு புதூர் என்றோர் ஊர். அங்கே முஹர்ரத்தை நடத்துவோர் இந்துப் பெருங்குடி மக்கள். உள்ளங்கை வடிவிலான பஞ்சாவை ‘அல்லா சாமி’ என்று அழைக்கிறார்கள். பத்து நாள் விரதமிருந்து, மாலையும் பட்டும் சாத்தி, இரவில் வீதிவீதியாக எடுத்துச் சென்று, நிறைவாகத் தீ மிதிக்கிறார்கள். முந்நூறு ஆண்டு வழக்கம் என்பது அவ்வூராரின் கூற்று. ஒவ்வோர் ஆண்டும் நாளேடுகள் இதைப் படத்தோடு வெளியிடுகின்றன. மதநல்லிணக்கம் என்று தலைப்பிட்டு முடித்துவிடுகின்றன. அந்தச் சொல் தவறன்று. ஆனால் அது கேள்வியை மூடிவிடுகிறது. ‘அல்லாஹ்வுக்கு உருவமில்லை’ என்று கூறும் ஒரு சமயத்தின் திருப்பெயர், ஒரு கை வடிவத்தின் பெயராக எவ்வாறு ஆயிற்று? அந்தக் கையை மக்கள் என்னவாகக் கருதுகிறார்கள்?

இக்கேள்வியோடு தேடியபோது, தொலைதூர ஆப்பிரிக்கச் சமூகம் ஒன்றைப் பற்றிய ஆய்வுகள் கண்ணில் பட்டன. காங்கோ நாட்டின் தென்கிழக்கில், லோமாமி ஆற்றுப் பகுதியில் வாழ்வோர் சொங்யே மக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சான்சிபாரிலிருந்து சென்ற அரபு–சுவாஹிலி வணிகர்கள், அவர்களில் பெயர்பெற்ற ஹமீத் பின் முஹம்மது அல்முர்ஜிபீ (திப்பு திப்) உள்பட, அப்பகுதிவரை வணிகப் பாதை கண்டனர். தந்தத்தோடு அடிமைகளையும் கொண்டுவந்த பாதை அது; நம் வரலாற்றில் பெருமைப்பட ஏலாத ஏடு.

சொங்யே மக்கள் மரத்தில் மனித உருவங்களைச் செதுக்கினர். ‘இன்கிஷி’ என்பது அவற்றின் பெயர். சிறியவை ஒரு வீட்டுக்கு உரியவை. பெரியவை ஊர் முழுமைக்கும் உரியவை. பிள்ளைப்பேறு, நோய், சூனியம், போர் என ஊருக்கு அச்சம் தரும் எதற்கும் காவலாக அவை நின்றன. நம் கவனத்தை ஈர்த்தது இது: செதுக்கிய தச்சருக்கு அதில் இரண்டாம் இடமே. மரம் மரமாகத்தான் இருக்கும். ‘இன்கங்கா’ எனப்படும் சடங்கு வல்லுநர் வந்து, வயிற்றிலோ உச்சியிலோ குடைந்த குழியில் விலங்கு, செடி, மண் ஆகியவற்றின் கூறுகளால் ஆன ‘பிஷிம்பா’ என்னும் மருந்துப் பொருளை நிரப்பி அடைப்பார். உச்சியில் கொம்பு செருகப்படும். முகத்தில் செப்புத் தகடு அறையப்படும். தோலும் மணியும் சூட்டப்படும். அதன்பின்னரே அதற்கு ஆற்றல் உண்டு. ஊர்ப் பொதுவான உருவத்தைக் கையால் தொடலாகாது. கழிகளைக் கட்டித்தான் தூக்குவார்கள். காவலர் ஒருவர் அதற்கென்றே இருப்பார். புதுப்பிறைக் காலத்தில் வெளியே எடுத்து எண்ணெய் பூசிப் பலியிடுவர். ஆற்றல் மிக்கதாக அறியப்பட்ட உருவத்துக்குப் பெயருண்டு. அதன் காலத்தை வைத்து ஊர் நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோரும் இருந்தனர்.

பிறை, பெட்டி, துணி, கழி, காவலர், தொடாமை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். ஒப்பிடுவது சமன்செய்வதாகாது. சொங்யே உருவத்தின் உள்ளே ஆற்றல் அடைக்கப்படுகிறது. பஞ்சாவினுள்ளே ஏதுமில்லை, அது தட்டையான தகடு. அதை வணங்குவோர் கருத்திலும் ஆற்றல் அந்தத் தகட்டில் உறைவதன்று. கர்பலாவில் வீழ்ந்தவரின் அருள் அதன்வழியே வருவதாகும். ஆயினும் வெறுங்கை படலாகாது என்ற அச்சம் இரண்டிடத்திலும் ஒன்றே. இந்தக் காவிரிக் கரையிலேயே சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் பீடங்களில் வளையங்களும் துளைகளும் இருப்பதைத் தஞ்சைக் கலைக்கூடத்துக்குச் செல்வோர் காணலாம். உலாவின்போது கழி செருகித் தூக்குவதற்காக அமைந்தவை அவை. ஆகவே பஞ்சா இங்கு வந்தபோது அதை எப்படி எடுப்பது, எப்படி அலங்கரிப்பது, எப்படி எதிர்கொள்வது என்பதை உழவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. வந்த பொருள் தக்காணத்தது. அதை ஏற்ற கை தஞ்சையது.

மறைத்து வைத்த பொருளின் ஆற்றல் பற்றிய நம்பிக்கை நம்மவர் மரபுக்குப் புறம்பானதும் அன்று. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்கள் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் நோயைத் தீர்த்த வரலாற்றைப் பாமரரும் அறிவர். மன்னர்மேல் ஏவப்பட்ட சூனியம் ஊசிகள் தைத்த ஒரு புறாவில் இருந்தது. ஆண்டகை அதைக் கண்டு எடுக்கச் செய்து, ஊசிகளைக் களைந்தார்கள். மன்னர் நலம் பெற்று நிலம் வழங்கினார் என்பது அது. நாகூரில் புறா விடுவது இதன் நினைவாகவே. இதை வாசிக்கும் ஆலிம்களுக்கு மதீனாவின் லபீத் இப்னுல் அஃஸம் நினைவுக்கு வராமல் இராது. சீப்பிலும் முடியிலும் செய்யப்பட்டுக் கிணற்றடியில் ஒளிக்கப்பட்ட அச்சூனியத்தைப் பற்றி புகாரீயில் உள்ளது. ஊசிகள் குத்திய மெழுகு உருவம் ஒன்றையும் வலுவற்ற சில அறிவிப்புகள் கூறுகின்றன. இவ்விரு வரலாறுகளிலும் ஞானியர் செய்தது எதிர்ச் சூனியமன்று. மறைந்திருந்ததை வெளியே எடுத்தார்கள்; பார்க்கத் தந்தார்கள்.

தகரப் பெட்டிக்குத் திரும்புவோம்.

ஃபிக்ஹின்படி முதற்கேள்விக்கு விடை எளிது என்று எண்ணியிருந்தோம். ஹஜருல் அஸ்வத் கல்லின் முன்னே நின்று, நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை நான் அறிவேன் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் உரைத்தது நம் அகீதாவின் உரைகல். உடன்படிக்கை நடந்த மரத்தடியில் மக்கள் கூடத் தொடங்கியபோது அம்மரத்தை அவர்கள் வெட்டச் செய்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. எனவே உருக்கலாம். இரண்டாம் கேள்விக்கும் விடை உண்டு. வணங்குவதற்காக என்று வெளிப்படையாகக் கேட்பவருக்கு அதைக் கொடுப்பது, கூடாத செயலுக்குத் துணைபோவதாகும். எனவே கொடுக்கலாகாது.

இப்படி முடிவுகட்டிக்கொண்டு, பஞ்சாவைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்தோம். களிம்பினடியில் எழுத்துகள் தெரிந்தன. உள்ளங்கையின் நடுவில் அல்லாஹ்வின் திருநாமம். விரலுக்கொன்றாக அந்த ஐவரின் பெயர்கள். எழுதியவர் நல்ல கையெழுத்தாளர் அல்லர். ஹுஸைன் என்பதில் ஸீனின் பல் ஒன்று குறைந்திருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

இளைஞர்கள் அமைதியானார்கள். திருநாமம் பொறித்த பொருளைப் பழைய பித்தளையோடு எறிவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. சிதைந்த முஸ்ஹஃபைத் தூய துணியில் பொதிந்து மண்ணில் அடக்க வேண்டும் என்று நம் இமாம்கள் எழுதி வைத்துள்ளனர். அக்கண்ணியம் இதற்கும் உரியதே. சாமான் அறையில் நாற்பது ஆண்டுகள் பாய்களுக்கடியில் கிடந்ததே அக்கண்ணியத்துக்கு மாறானதுதான். தவறான வழக்கம் ஒன்றை நீக்கும் வேகத்தில் நாம் இதைப் படித்துப் பார்க்கவும் இல்லை.

அடுத்து எழுந்தது உரிமைக் கேள்வி. இது யாருடையது? ஜமாஅத்தின் பழைய கணக்கு நோட்டுகளில் பஞ்சாவுக்கென்று செலவும் இல்லை, வரவும் இல்லை. வக்ஃபு செய்யப்பட்டதாகச் சான்றில்லை. பக்கீர் குடும்பத்துக்கு உரியது என்றால் அவர்களைத் தேட வேண்டும். பெட்டியிலிருந்த வெள்ளித் துண்டுகளோ இரு ஊர் மக்களும் நேர்ச்சையாக இட்டவை. இத்தகைய வழக்கு இப்பகுதிக்குப் புதிதும் அன்று. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஓர் உழைப்பாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராசர் திருமேனி, திருட்டுத்தனமாக இலண்டன் சென்றது. அதற்கு உரியவர் யார் என்று ஆங்கில நீதிமன்றம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இடிந்துகிடந்த அக்கோயிலையே உரிமை கோரத்தக்க ஒருவராக ஏற்று, 1991இல் திருமேனி திரும்பிவரத் தீர்ப்பு வழி செய்தது. பழம்பொருளின் உரிமை, அதைக் கையில் வைத்திருப்பவருக்கே உரியதென்று முடிந்துவிடுவதில்லை. சொங்யே உருவங்களில் மிகப் பல இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றுக்குச் செய்த ஊரும் காத்தவர் பெயரும் தெரியாது. உச்சியில் குழி மட்டும் திறந்து கிடக்கிறது. அதை விற்ற நாளில் வாங்கியவர் கேட்டிருந்தால் ஊரில் எவரேனும் சொல்லியிருப்பார்.

நாம் ஜமாஅத்தாரிடம் கூறியது இது. வணக்கத்துக்காக இதை எவரிடமும் ஒப்படைக்க நாம் இணங்க மாட்டோம். உருக்கவும் விற்கவும் இணங்க மாட்டோம். உரியவர் யாரென்று தெளியும்வரை இது அமானிதம். அமானிதத்துக்குரிய முதற்கடமை, இன்னது இவ்வாறு இருந்தது என்று எழுதி வைப்பது. சிலர் முகம் சுளித்தனர். அரபுக் கல்லூரி ஆசிரியரே பஞ்சாவைக் காக்கப் புறப்பட்டுவிட்டாரா என்று பின்னால் பேசியதும் நம் செவிக்கு வந்தது. அவர்களுக்கு இப்னுல் கல்பீயைத்தான் மறுமொழியாகச் சொன்னோம். அவர் ஹுபலை எழுதியதால் எவரும் ஹுபலை வணங்கத் தொடங்கிவிடவில்லை. அல்பீரூனீ தமது இந்திய நூலில், வராகமிகிரரின் நூலிலிருந்து சிலைகளின் அளவு இலக்கணத்தையே எடுத்து எழுதினார். அவருடைய ஈமானை எவரும் ஐயுறவில்லை. எழுதாமல் விட்டிருந்தால், தவ்ஹீதுக்கு முன்னிருந்த அரபகம் எதனின்றும் மீண்டது என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அக்கரைப் பெரியவருக்கு நாமே நேரில் சென்று சொன்னோம். கொடுக்க முடியாத காரணத்தை மறைக்காமல் சொன்னோம். அவர் வருந்தினார், சண்டையிடவில்லை. “பத்திரமா இருக்கும்ல?” என்று மட்டும் கேட்டார்.

பெட்டி இப்போது நம் பொறுப்பில் ஓர் அலமாரியில் உள்ளது. பதிவேட்டில் உயரம், அகலம், விரல்களின் எழுத்து, துணியின் நிறம், கழிக்குழலின் அளவு அனைத்தையும் குறித்தோம். பெருவிரலின் அடியில் ஈயப் பற்று ஒன்று இருப்பதையும், விரல் ஒருமுறை முறிந்து ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் எழுதினோம். யார் ஒட்டினார், எப்போது என்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

சில மாதங்கள் கழித்துப் பெரியவர் பேரனோடு வந்தார். பார்க்க மட்டும் என்றார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார். பெட்டியைத் திறந்து துணியை விலக்கினோம். கைகூப்பவில்லை, நம் முன்னிலையில் கூடாதென்று கருதியிருக்கலாம். குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, பெருவிரலைத் தொடாமல் சுட்டிக்காட்டினார்.

“வெள்ளம் வந்த வருசம் வாய்க்கால்ல இறக்குறப்போ படிக்கல்லுல மோதி ஒடிஞ்சுது, ஹஜ்ரத். ராவுத்தர் வீட்டு ஐயாவும் எங்க பாட்டனும் கும்பகோணத்துக்கு நடந்தே கொண்டுபோய்ப் பற்று வச்சுட்டு வந்தாங்க.”

எந்த வெள்ளம் என்று கேட்டோம். தாம் பிறப்பதற்கு முன்னே என்றார். பாட்டி சொல்லிக் கேட்டதென்றார். அதை அவ்வாறே பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.